மெல்லிய துணியில் ஒரு தொடக்கநிலைத் தையல் இயந்திரம்: ஒரு கோடைக்கால மதிப்புரை

தொடக்கநிலையாளர்களுக்கான தையல் இயந்திரங்களின் விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் காட்டுகிறார்கள். ஜீன்ஸ் துணியை நான்கைந்தாக மடித்து ஊசிக்கு அடியில் வைப்பார்கள். இயந்திரம் திணறாமல் அதைத் தைத்து முடிக்கும். வெயில் காலத்துக்கு ஏற்ற எளிய உடைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ள விரும்பி இயந்திரம் வாங்கப்போகும் ஒருவருக்கு அந்தக் காட்சியால் ஒரு பயனும் இல்லை. அவர் தைக்கப்போவது வாயில், மல், லான் என்ற மெல்லிய பருத்தித் துணிகளையும் மெல்லிய லினனையும். இவற்றை ஊசி துளைக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. துணி சுருங்காமல், உள்ளே இழுபடாமல், நேராக நகர்கிறதா என்பதுதான் கேள்வி. கனத்த துணியில் நன்றாக ஓடும் இயந்திரம் மெல்லிய துணியில் தடுமாறுவது உண்டு என்பதை நான் வாங்கிய பிறகே அறிந்துகொண்டேன். ஒரு கோடை முழுவதும் அந்த இயந்திரத்தில் இரண்டு எலாஸ்டிக் பாவாடைகள், கையில்லாத இரண்டு மேல்சட்டைகள், தொளதொளப்பான ஒரு கால்சட்டை, குழந்தைக்கு ஒரு கவுன், பொத்தான் வைத்த ஒரு சட்டை ஆகியவற்றைத் தைத்தேன். அதற்கு முன் அறுந்த பொத்தானைக் கையால் தைத்தது தவிர எனக்கு வேறு பழக்கம் கிடையாது. எனவே இந்த மதிப்புரை புதிதாகக் கற்பவரின் கண்ணோட்டத்தில், மெல்லிய துணியை மட்டும் முன்வைத்து எழுதப்பட்டது.

இது மின்மோட்டாரில் ஓடும், திரையோ கணினியோ இல்லாத, குமிழ்களைத் திருகி இயக்கும் எளிய வீட்டு இயந்திரம். அடிநூல் சுற்றிய சிறு உருளையான பாபினை முன்பக்கத்தில் உலோக உறைக்குள் வைத்துப் பொருத்த வேண்டும். நேர்த்தையல், இடமும் வலமும் வளைந்து செல்லும் சிக்சாக் உட்படச் சில தையல் வகைகள், நான்கு நிலைகளில் காஜா எடுக்கும் வசதி, 4 மி.மீ. வரை மாற்றக்கூடிய தையல் நீளம் ஆகியவை இதில் உள்ளன. இதே அமைப்பைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன என்பதால் பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே வாசகருக்கு உதவும். கைக்குள் அடங்கும் சிறிய தையல் கருவியை முதலில் வாங்கிப் பழகலாமே என்று சிலர் யோசிக்கக்கூடும். அத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை ஒரே நூலால் சங்கிலித் தையல் போடுபவை. முடிவில் சரியாக முடிச்சிடாவிட்டால், ஒரு முனையை இழுத்ததும் தையல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். உடுத்தித் துவைக்கும் ஆடைக்கு மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும் பூட்டுத்தையல்தான் வேண்டும்.

நூல் கோப்பதில்தான் முதல் மூன்று நாள்கள் கழிந்தன. துணியின் மேற்பக்கம் தையல் ஒழுங்காகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடுபோல் சிக்கிக் கிடக்கும். சிக்கல் கீழே இருப்பதால் பிழையும் பாபினில்தான் இருக்கும் என்று எண்ணி, அதைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினேன். உண்மையில் பிழை மேல்நூலில் இருந்தது. ஊசி கீழே இறங்கி மேலேறத் தொடங்கும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. அடியிலுள்ள கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்துப் பாபினைச் சுற்றி எடுத்துச் செல்கிறது. அதன்பின் மேலே ஏறி இறங்கும் நெம்புகோல் மிச்ச நூலை மேலே இழுத்து இறுக்குகிறது. எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலும் முனையருகே கண் உள்ள ஊசியும், கண்ணிக்குள் அடிநூலைச் செலுத்தும், நெசவுத் தறியில் உள்ளது போன்ற ஓடமும் சேர்ந்தே தையலைப் பூட்டின. அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. நூலை அழுத்திப் பிடித்து இறுக்கம் தரும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே மேல்நூல் அமரவில்லை என்றால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் நூல் தாராளமாக வழிந்து அடியில் குவிந்துவிடும். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்து நூல் கோத்தால்தான் அந்தத் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். நான் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே கோத்திருந்தேன். இத்தனை முக்கியமான செய்தியைக் கையேடு ஒரு சிறு படத்தின் ஓரத்தில் ஒற்றை வரியாகச் சொல்லிக் கடந்துவிடுவது பெரிய குறை. இயந்திரத்தின் மேல் அச்சிட்டுள்ள 1, 2, 3 என்ற எண்களும் அம்புக்குறிகளும் தெளிவாக இருக்கின்றன. அவற்றோடு பாதத்தின் நிலையையும் ஒரு குறியால் காட்டியிருந்தால் புதியவர்களுக்குப் பல மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது ஊசி. இயந்திரத்தில் பொருத்தி அனுப்பப்பட்டிருந்த ஊசி 90/14 அளவுடையது. முதல் எண் ஊசித்தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. அதாவது 90 என்றால் 0.9 மி.மீ. நடுத்தரக் கனமுள்ள துணிக்கு அது பொருத்தமானது. வாயில் துணியில் அதே ஊசி ஒவ்வொரு தையலிலும் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையை விட்டுச் சென்றது. துணியின் இழைகளை விலக்கிப் போகாமல் முட்டி இழுத்ததால் தையலின் இருபுறமும் குறுக்கே கோடுகள் விழுந்தன. 70/10 ஊசிக்கு மாற்றியதும் அந்தக் கோடுகள் பெருமளவு மறைந்தன. நடுத்தரமான பருத்திக்கும் லினனுக்கும் 80/12 போதும். ஊசிகள் 130/705 எச் என்ற பொதுவான வீட்டு இயந்திர வகையைச் சேர்ந்தவை என்பதால், தேடி அலைய வேண்டியதில்லை. இது இயந்திரத்துக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய செய்தி. பொருத்தும்போது ஊசியின் தட்டையான பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும், ஊசி மேலே முட்டும்வரை ஏற வேண்டும், அதன்பிறகே திருகை இறுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இறங்கி நின்றாலும் கொக்கி கண்ணியைப் பிடிக்காமல் தையல் விட்டுவிட்டு விழும். பெட்டிக்குள் 70 அளவு ஊசி ஒன்றுகூட வைக்கப்படவில்லை. ஆறேழு வகைப் பாதங்களைத் தருபவர்கள் ஒரு மெல்லிய ஊசியைச் சேர்த்துத் தந்திருக்கலாம்.

ஊசியை மாற்றிய பிறகும் ஒரு தொல்லை தொடர்ந்தது. துணியின் விளிம்பிலிருந்து தைக்கத் தொடங்கும்போது, முதல் இரண்டு குத்திலேயே துணியின் மூலை ஊசித்தட்டின் துளைக்குள் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். சிக்சாக் தையலுக்காக ஊசி இடமும் வலமும் நகர வேண்டியிருப்பதால் தட்டின் துளை அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது. ஊசி இறங்கும்போது மெல்லிய துணிக்கு அடியில் தாங்கல் இல்லாமல் அதுவும் கூடவே இறங்கிவிடுகிறது. நேர்த்தையலுக்கென்றே சிறு வட்டத் துளையுள்ள தட்டுகள் உண்டு என்றாலும் இந்த இயந்திரத்தோடு அது வரவில்லை. இதைச் சமாளிக்க மூன்று வழிகளைக் கையாண்டேன். ஒரு சிறு வெட்டுத்துணியில் தைக்கத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே உண்மையான துணியின்மேல் ஏறிச் செல்வது எல்லாவற்றிலும் சிறந்தது. இரு நூல்முனைகளையும் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைக் கைச்சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுற்றியே போடுவது இரண்டாவது வழி. மிகவும் மெல்லிய மல் துணிக்கு அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுத்தேன். கிழிக்கும்போது தையல் தளராமல் இருக்க விரலால் தையலை அழுத்திக்கொள்ள வேண்டும். விளிம்பின் தொடக்கத்திலேயே ரிவர்ஸ் தையல் போடக் கூடாது என்பதையும் இந்தத் தொல்லைதான் கற்றுத் தந்தது, ஒரு செ.மீ. உள்ளே தள்ளித் தொடங்கி, பின்னோக்கி விளிம்புவரை வந்து, மீண்டும் முன்னே போனால் துணி சிக்குவதில்லை.

தையல் சுருக்கம் எடுப்பதுதான் இந்த இயந்திரத்தின்மீது எனக்குள்ள முதன்மையான குறை. பாதம் துணியை அழுத்தும் விசையைக் கூட்டவோ குறைக்கவோ இதில் வழியில்லை. கனத்த துணிக்கு ஏற்ற அழுத்தம் நிலையாக வைக்கப்பட்டிருப்பதால், இரண்டு மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கும்போது அடித்துணியை ஊசித்தட்டில் உள்ள பற்கள் முன்னே தள்ள, மேல்துணியைப் பாதம் பின்னே தடுக்கிறது. ஒரு மீட்டர் நீளப் பக்கத்தையலின் முடிவில் மேல்துணி ஏறத்தாழ ஒரு செ.மீ. நீண்டு நின்றது. குண்டூசிகளை நெருக்கமாகக் குத்துவதாலும், துணியை முன்னும் பின்னும் மெல்ல விறைப்பாகப் பிடித்துக்கொள்வதாலும் இந்த வேறுபாடு குறைகிறது. ஆனால் துணியை இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி முறியும். மேல்நூல் டென்ஷனை 4லிருந்து 3க்கு இறக்கி, தையல் நீளத்தை 2.5 மி.மீ.இலிருந்து 2 மி.மீ.க்குக் குறைத்தபோது சுருக்கம் வெகுவாகத் தணிந்தது. இந்த எண்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். தைக்கப்போகும் அதே துணியின் துண்டை இரண்டாக மடித்துத் தைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மேல்நூலுக்கு ஒரு நிறமும் பாபினுக்கு வேறு நிறமும் வைத்துச் சோதித்தால் கண்ணுக்கு உடனே தெரியும். அடிப்பக்கத்தில் மேல்நூலின் நிறம் புள்ளியாகத் தலைகாட்டினால் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. மேற்பக்கத்தில் பாபின் நூல் தலைகாட்டினால் இறுகியிருக்கிறது. டென்ஷன் குமிழ் இந்த இயந்திரத்தில் நுணுக்கமாக வேலை செய்கிறது. கால் பங்கு திருப்பினாலே மாற்றம் தெரிகிறது. அந்த வகையில் பாராட்டத்தான் வேண்டும்.

மிதியைப் பற்றி நல்லதே சொல்ல முடியும். லேசாக அழுத்தினால் இயந்திரம் ஒவ்வொரு குத்தாக நகர்கிறது. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மட்டும் அழுத்தப் பழகிய பிறகு, வளைவுகளில் வேகம் என் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஓட்டிப் பார்த்து இரண்டு மாலைகளில் இதைப் பழகிக்கொண்டேன். தாளில் ஓடிய ஊசி மழுங்கிவிடும் என்பதால் அதைத் துணிக்குப் பயன்படுத்தவில்லை. விளக்கு, சத்தம், எடை எல்லாம் குறைசொல்லும்படி இல்லை.

முதலில் தைத்தது எலாஸ்டிக் பாவாடை. யார் கேட்டாலும் அதிலிருந்தே தொடங்கச் சொல்வேன். இரண்டு செவ்வகங்கள், இரண்டு பக்கத்தையல்கள், இடுப்பில் எலாஸ்டிக் நுழையும் ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். இடுப்பின் கீழே அகலமான பகுதியின் சுற்றளவை அளந்து அதைப்போல் ஒன்றரை மடங்கு துணி விட்டால் அளவான சுருக்கம் விழும். 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக்குக்கு மேலே 4 செ.மீ. துணி விட வேண்டும்: 1 செ.மீ. உள்மடிப்புக்கும் 3 செ.மீ. எலாஸ்டிக் ஓடுவதற்கும். எலாஸ்டிக்கை இடுப்புச் சுற்றளவைவிட ஏறத்தாழ 5 செ.மீ. குறைவாக வெட்டி, ஊக்கில் கோத்து நுழைக்கலாம். எலாஸ்டிக்கின் இறுக்கம் வகைக்கு வகை மாறும் என்பதால் உடலில் சுற்றிப் பார்த்து வெட்டுவது நல்லது. நேர்க்கோடுகளில் இந்த இயந்திரம் மிகவும் நம்பகமானது. தட்டின்மேல் செதுக்கியிருக்கும் அளவுக்கோடுகள் மங்கலாக இருந்ததால் ஊசியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒரு வண்ண ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டேன். துணியின் விளிம்பு அந்த நாடாவை உரசிச் செல்லும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஊசியைப் பார்க்கத் தேவையே இல்லை.

பாவாடையில் நேர்ந்த ஒரு பிழைக்கு இயந்திரம் பொறுப்பல்ல என்றாலும் அதை இங்கே சொல்லியாக வேண்டும். துணியை வாங்கிய கையோடு வெட்டித் தைத்தேன். முதல் துவைப்பிலேயே நீளம் குறைந்துவிட்டது. பருத்தியும் லினனும் முதல் முறை நனையும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது வழக்கம். ஒரு மீட்டர் துணியில் அது 3 முதல் 5 செ.மீ. ஆகும். உடுத்திய பிறகு எப்படித் துவைக்கப்போகிறோமோ அதே முறையில் முன்கூட்டியே துவைத்து, உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, அதன்பிறகு வெட்ட வேண்டும். நெடுக்கு இழை துணியின் கரைக்கு இணையாக ஓடும்; பாவாடையின் நீளம் அந்த இழையோடு ஒத்துப்போகும்படி வைக்காவிட்டால் கீழ்விளிம்பு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இஸ்திரிப்பெட்டி இல்லாமல் இந்த இயந்திரத்தை மதிப்பிடுவதே நியாயமாகாது. ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் முதலில் மூடியபடியும், பிறகு விரித்தும் அழுத்திவிட்டால், இயந்திரம் விட்ட சிறு சுருக்கங்களில் பாதி அங்கேயே அடங்கிவிடுகின்றன.

மெல்லிய துணியில் வெட்டிய விளிம்பு பிரிந்து நூல்நூலாக வரும். இயந்திரத்தின் சிக்சாக் தையலால் அதை முடிக்கலாம் என்று கையேடு சொல்கிறது; வாயில் துணியில் அப்படிச் செய்தபோது விளிம்பு குழாய்போல் சுருண்டுகொண்டது. விளிம்பை நறுக்கிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் வீட்டில் இல்லாதவருக்கு இதைவிடச் சிறந்த வழி பிரெஞ்சுத் தையல். துணியின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளித் தைத்து, ஓரத்தை 3 மி.மீ.க்கு நறுக்கி, திருப்பிப் போட்டு இஸ்திரி இட்டு, இப்போது 9 மி.மீ. தள்ளி இரண்டாம் தையல் போட்டால் பிரிந்த நூல்கள் அனைத்தும் உள்ளே அடைபட்டுவிடும். இரண்டும் சேர்ந்து 1.5 செ.மீ. ஆகின்றன. மெல்லிய துணிக்கு ஏற்கெனவே விட்டிருக்கும் தையல் ஓரமே அதற்குப் போதுமானது. இந்த இயந்திரம் இதை அழகாகச் செய்கிறது. ஆடையைத் திருப்பிப் பார்க்கும்போது உள்ளேயும் வெளியே போலவே சுத்தமாக இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கையில்லாத மேல்சட்டையில் கழுத்தும் கைக்குழிகளும் வளைவானவை. முதல் சட்டையில் கழுத்தை வெட்டி, மேசையில் வைத்து எடுத்து, உடலில் வைத்துப் பார்த்ததிலேயே வளைவு நீண்டுபோய், முடித்தபிறகு முன்கழுத்து தொங்கியது. வளைவில் துணியின் இழைகள் குறுக்காக வெட்டுப்படுவதால் அது இழுத்தால் நீளும். இரண்டாம் சட்டையில் வெட்டியவுடனேயே விளிம்பிலிருந்து சற்று உள்ளே ஒற்றைத் தையல் ஒன்றை ஓட்டி வளைவை நிலைப்படுத்திவிட்டேன். அதன்மேல் 45 பாகைச் சாய்வில் 3.5 செ.மீ. அகலத்தில் வெட்டிய கிராஸ் துணியை வைத்துத் தைத்து, உட்புறம் மடித்துத் தைத்தபோது கழுத்து உடலோடு படிந்தது. இங்கே இயந்திரத்தின் ஒரு வசதி கைகொடுத்தது. முன்பக்கப் பெட்டியைக் கழற்றினால் கீழ்ப்பகுதி குறுகிய கைபோல் நிற்கிறது. கைக்குழியை அதைச் சுற்றி மாட்டிவிட்டு மெல்லத் திருப்பிக்கொண்டே தைக்கலாம். குழந்தைக் கவுனின் சிறிய கைக்குழிகூட அதில் ஏறியது.

இழுபடும் பின்னலாடைத் துணியில் மட்டும் இயந்திரம் தோற்றது. உருண்டை முனை ஊசியை மாட்டிய பிறகும், தையல் இடையிடையே விட்டுப்போனது; குறுகிய சிக்சாக்கில் தைத்தபோது விளிம்பு அலை அலையாக நீண்டது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க முடியாத குறை இங்கேயும் வந்து நிற்கிறது. டி-சட்டை தைக்கும் எண்ணம் முதன்மையாக இருப்பவர் அழுத்தத்தை மாற்றும் குமிழ் உள்ள இயந்திரத்தைத் தேட வேண்டும். ரேயான் வழுக்குகிறது என்றாலும், நிதானமாக வெட்டி, கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டுத் தைத்தால் இந்த இயந்திரத்திலேயே முடித்துவிடலாம். தொளதொளப்பான கால்சட்டையை அப்படித்தான் தைத்தேன்.

கடைசியாகத் தைத்த பொத்தான் சட்டைக்கு ஏழு காஜாக்கள் தேவைப்பட்டன. நான்கு நிலைக் காஜாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குமிழைத் திருப்ப வேண்டும். நீளத்தை நாமே குறித்து நிறுத்த வேண்டும். இரண்டு பக்கங்களில் ஒன்று நெருக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் விழுந்ததால், வெட்டுத்துணியில் பன்னிரண்டு காஜாக்கள் எடுத்துப் பழகிய பிறகே சட்டையில் கைவைத்தேன். ஒரே அடுக்கு வாயில் துணியில் காஜா எடுத்தால் துணி சுருண்டு கிழியும். பொத்தான்பட்டிக்குள் மெல்லிய ஒட்டுத்துணி ஒன்றை வைத்து இஸ்திரியால் ஒட்டியபின் எடுத்ததில் ஏழும் சமமாக வந்தன. நடுவே வெட்டித் திறக்கும்போது இரு முனைகளிலும் ஒவ்வொரு குண்டூசியைக் குறுக்கே குத்தி வைத்தால் தையல்பிரிப்பான் அந்த எல்லையைத் தாண்டி முனைத்தையலை அறுத்துவிடாது.